ரெயில் படத்தின் முடிவு

துணுக்காய்
18.01.1998

பாலண்ணைக்கு,

இங்கே மழை விட்டுவிட்டது. கூரை ஒழுகினாலும் நாங்கள் இருக்கிறோம். கமலாசனி அக்காவுக்கு ஒப்பிரேசன் நல்லபடி முடிந்தது என்று வவுனியாவிலிருந்து திரும்பி வந்த ஒரு நோயாளி சொல்லித்தான் அறிந்தோம். அருளம்மா மாமி உடனே மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினா. நீங்கள் சைவம் என்று மாதா பார்க்கமாட்டாவாம்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். நீங்கள் போன நாளிலிருந்து இந்த முகாமில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. ரெயில் படத்தை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தப் பெண்ணின் புருசன் ரெயிலேறி வேலைக்குப் போனவன், போனவன்தான். கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. அவள் ஸ்ரேசன் வாசலில் தேத்தண்ணீர் விற்கிறாள். ரெயில் கேற் பூட்டித் திறக்கிற மனிதன் நாள்தோறும் வந்து குடிக்கிறான். கடைசியில் அவள் பெட்டியோடு நிற்க, அவன் "என்னோடு வருகிறாயா" என்று கேட்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள். உங்கள் ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. "பொறுங்கோ, நாளைக்கு எண்ணெய் பிடிச்சுக்கொண்டு வந்து மிச்சத்தைப் போடுறன்" என்றீர்கள். மறுநாள் அக்காவுக்கு வயிற்றுக்குத்து வந்து அம்புலன்ஸில் ஏறிவிட்டீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பிறகு பொன்னையா அண்ணை எங்கேயோ மண்ணெண்ணெய் பிடித்து வந்து உங்கள் வீடியோ டெக்கிலேயே மிச்சத்தைப் போட்டார். எல்லோரும் ஓடிப்போய் இருந்தோம். அவள் வாயைத் திறந்தாள். அடுத்த நிமிடம் யாரோ ஒரு வீட்டுச் சாமத்தியச் சடங்கு! பெரியபிள்ளையான ஒருத்திக்குத் தலையில் தண்ணீர் வார்க்கிறார்கள். படத்தின் முடிவுக்கு மேலே அதைப் பதிந்திருக்கிறார்கள், பாவிகள். மகன் யோசெப், என் புருசன், கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு எதையும் முழுதாகப் பார்க்காத மாமிகூட, அன்று சாமத்தியம் முடியும்வரை இருந்து பார்த்தா, அந்தப் பெண் திரும்ப வருவாள் என்று.

வவுனியாவில் வீடியோக் கடைகள் இருக்கின்றனவாம். அந்தப் படத்தைத் தேடிப் பார்த்து, அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதவேண்டும். இது பகிடி இல்லை.

ஸ்ரெல்லா


வவுனியா
16.02.1998

தங்கச்சி ஸ்ரெல்லாவுக்கு,

உமது கடிதம் எத்தனையோ கை மாறி, பிரித்து ஒட்டப்பட்டு வந்து சேர்ந்தது. இடையில் படித்தவர்களுக்கும் இப்போது ரெயில் படத்தின் முடிவு தெரியாமல் நித்திரை வராது. படட்டும்.

கமலாசனி எழுந்து நடக்கிறா. புண் ஆறும்வரை ஊருக்குப் போக டாக்குத்தர் விடமாட்டார். அன்றைக்கு நான் உங்களுக்குப் படத்தின் மிச்சத்தைக் காட்ட எண்ணெய் தேடி அலைந்துகொண்டிருந்தேன். கொட்டிலில் இவ சுருண்டு விழுந்திருக்கிறா. பக்கத்துக் கொட்டில் ஸ்ரனிஸ்லஸ் சைக்கிளை உருட்ட, நீர் இவவைக் கரியரில் இருத்திப் பிடித்துக்கொண்டே மல்லாவி ஆஸ்பத்திரி மட்டும் நடந்தீராம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கை விட்டிருப்போம் என்றார்கள். அதற்கு நான் என்ன எழுதுவது? நன்றி என்று எழுதிப் பார்த்தேன். சொல் சின்னதாகக் கிடக்கிறது. இருந்தாலும் அதைத்தான் எழுதுகிறேன். நன்றி தங்கச்சி. அவருக்கும் சொல்லும்.

இங்கே ஒரு தியேட்டருக்குப் போனேன். மெத்தைக் கதிரை, மேலே காற்றாடி. படம் தொடங்கினதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரண்ட் நிற்கவேயில்லை! இடைவேளைக்கு லைற் எரிந்ததும் எண்ணெய் பார்க்க எழும்பிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் கக்கூசுக்கு வழி காட்டினார். சனமும் ஒருவரோடொருவர் கதைக்காமல் இருந்து பார்க்கிறது. நம்முடைய சனம் என்றால் வில்லன் வரும்போது கதாநாயகனுக்குக் குரல் கொடுத்திருக்கும்.

பொழுது போகாமல் எனக்குப் பிடித்த படங்களை மனதுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பழைய வியாதிதான். காணிக்காக அண்ணன் தம்பி பிரிகிற படம் ஒன்று கிளிநொச்சியில் பார்த்தோம், ஞாபகமோ? அதை நான் எடுத்தால் வட்டக்கச்சி வாய்க்காலில் எடுப்பேன். சண்டைக்குக் காணி உறுதி தேவையில்லை. தம்பியின் தண்ணீர் முறையில் அண்ணன் மதகைத் திறந்தால் போதும். கதாநாயகன் நாற்று வயலுக்குள் உருண்டு பாடமாட்டான், அட்டை கடிக்கும். பாழடைந்த பங்களாவில் பேய் இருக்கிற படத்தையும் எடுப்பேன். ஆனால் நம்முடைய இடத்தில் பேய்க்கும் பங்களா கிடையாது. அதுவும் மரத்தடியில் கொட்டில் போட்டு, நிவாரண வரிசையில் நிற்கும். கடல் படத்துக்கு மட்டும் ஸ்ரனிஸ்லஸைப் பக்கத்தில் வைத்திருப்பேன். இந்தியப் படத்தில் வள்ளம் வலிக்கிறவனைப் பார்த்துவிட்டு, "உவன் உப்பிடி வலிச்சால் கரையைத்தான் இடிப்பான்" என்று சொன்னவரல்லவா. அதோடு நித்திரையாகியும் போனார்.

ரெயில் படத்தை மூன்று கடைகளில் விசாரித்தேன். பெயரில்லாமல் எப்படிக் கேட்பது? "தம்பி, ரெயில் வாற படம்" என்றேன். "ஐயா, எந்தப் படத்திலைதான் ரெயில் வரேல்லை?" என்கிறான். தேடுவேன். ஆனால் உமக்கு ஏன் இந்த அந்தரம்? படம் எங்கேயும் ஓடிப்போகாது.

பாலன்


துணுக்காய்
08.03.1998

பாலண்ணைக்கு,

ஏன் அந்தரம் என்று கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். சிரித்தால் சிரியுங்கள், அக்காவோடு சேர்ந்து சிரியுங்கள்.

ஸ்ரனிஸ்லஸ் என்னைக் கலியாணம் கேட்டுவிட்டார். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் எங்கள் கூரைக்குத் தறப்பாள் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், கீழே இறங்காமலேயே கேட்டார். "ஸ்ரெல்லா, நான் ஒண்டு கேப்பன், ஓமெண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை" என்று தொடங்கினார். மேலே நின்று கேட்டால் முகம் தெரியாது என்று நினைத்திருப்பார். நான் பிடித்திருந்த கயிற்றைக் கட்டையில் சுற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். ரெயில் படம் போட்டது அதற்குப் பிறகு வந்த வாரம். அதில் அந்தப் பெண்ணிடமும் ஒருவன் கேட்கிறான், அவளும் வாய் திறக்கிறாள், அந்த இடத்தில் இருட்டு! மறுநாள் அக்காவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது ஸ்ரனிஸ்லஸிடம் சொல்லிவிட்டேன், அந்தப் படம் முடியட்டும், மறுமொழி சொல்கிறேன் என்று. விசர் என்று நினைத்திருப்பார். ஆனால் சரி என்றார். குளத்தில் வலை போட்டு ஜப்பான் மீன் பிடித்து வந்து தந்துவிட்டு, சேற்று மணம் என்று தானே நொட்டை சொல்லிவிட்டுப் போகிறார். திரும்ப ஒரு சொல் கேட்கவில்லை.

கோவில் பக்கம் தடை இல்லை. யோசெப்பின் உடைந்த வள்ளத்தைக் கண்ட இரண்டு பேர் பாதரிடம் சாட்சி சொல்லி, ஆயரிடமிருந்து அனுமதியும் வந்துவிட்டது. இப்போது தவக்காலம், கலியாணம் இல்லை. உயிர்த்த ஞாயிறு கழிய எங்கள் பெயர்களைக் கோவிலில் அறிவிக்கலாம் என்கிறார் பாதர். மிச்சம் என் ஒரு சொல்தான்.

அந்தச் சொல்தான் வருகுதில்லை, அண்ணை. ஸ்ரனிஸ்லஸை எனக்குப் பிடிக்கும். அதை மறைக்கிற வயதும் எனக்கு இல்லை. ஆனால் யோசெப்பின் உடல் கிடைக்கவில்லை. எத்தனை பேர் இந்தியக் கரையில் ஒதுங்கி முகாமில் இருக்கிறார்கள். அதைவிட, மாமி என்னோடு ஒரே பாயில் படுக்கிறா. நான் ஓம் என்றால், உங்கள் மகன் செத்துவிட்டான் என்று அவவின் முகத்துக்கு நேரே நான் சொன்னதாகிவிடும். இதைச் சொந்தக்காரரிடம் கேட்டால் சொந்தக்காரருக்குச் சரியானதைச் சொல்வார்கள். அதனால்தான் அந்தப் பெண் என்ன செய்தாள் என்று அறிய ஆசை. எங்களைத் தெரியாதவள் அல்லவா.

அனுப்புகிற கடிதத்தைக் கெதியாய் அனுப்புங்கள்.

ஸ்ரெல்லா


வவுனியா
14.04.1998

அன்புத் தங்கச்சிக்கு,

படம் கிடைத்துவிட்டது! கமலாசனியின் சித்தப்பா வீட்டில் டெக் இருக்கிறது. நேற்று இருவரும் இருந்து பார்த்தோம். முடிவை எழுதுகிறேன், கவனமாக வாசியும்.

அவன் கேட்கிறான். அவள் உடனே பதில் சொல்லவில்லை. "முதல் சாப்பிட்டீரா?" என்கிறாள். ஸ்ரேசன் மர வாங்கிலில் குந்தி இருவரும் சாப்பிடுகிறார்கள். பின்னால் மெல்லிய புல்லாங்குழல். பிறகு அவள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை அடுக்குகிறாள். அடையாள அட்டை, பங்கீட்டு அட்டை எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி அடியில் வைக்கிறாள். போத்தல் விளக்கை எண்ணெய் சிந்தாமல் துணியால் இறுக்கி ஓரத்தில் வைக்கிறாள். தறப்பாளை மடித்து மேலே வைத்து மூடுகிறாள். புருசனின் படத்தை எடுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, அதையும் பெட்டிக்குள் வைக்கிறாள். விட்டுவிட்டுப் போகவில்லை. அதைக் கவனியும். வெளியே அவன் சைக்கிளோடு நிற்கிறான். பெட்டியைக் கரியரில் கட்டி, அவளை முன் பாரில் இருத்தி, தண்டவாளக் கரையோடு இருவரும் போகிறார்கள். ரெயில் பின்னால் கூவிக்கொண்டு வருகிறது. அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வணக்கம் போட்டுவிட்டார்கள்.

அவள் ஓம் என்று சொன்னாள், ஸ்ரெல்லா. உயிர்த்த ஞாயிறும் வந்து போய்விட்டது. பாதரிடம் போம்.

பாலன்


துணுக்காய்
10.05.1998

பாலண்ணை,

உங்கள் கடிதத்தை மாமிக்கு வாசித்தேன். பெட்டி அடுக்குகிற இடத்தில் மாமி நிறுத்தச் சொன்னா. "ஏன் பிள்ளை, இந்தியாவிலையும் தறப்பாள் மடிச்சுக்கொண்டே ஊர்விட்டுப் போறவை?" என்று கேட்டா. நான் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தேன். பொலித்தீனில் பங்கீட்டு அட்டை! போத்தல் விளக்கு! ஸ்ரேசன் நிறைய கரண்ட் லைற் எரிகிற ஊரில் அவளுக்கு எதற்குப் போத்தல் விளக்கு? ரெயில் படத்தில் ரெயில் பக்கத்தில் வர, இரண்டு பேரும் சைக்கிளில் போகிறார்கள்! இங்கேதான் தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை. அங்கே ரெயில் ஓடுகிறது அண்ணை, ஏறிப்போகலாம்.

மாமி சிரித்தா. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. நானும் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். கோபமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏன் பொய்? உண்மையைத் தாங்கமாட்டாள் என்று நினைத்தீர்களா? வள்ளத்தை உடைந்த பலகையாய்க் கரையில் பார்த்தவள் நான்.

ஆனால் அந்தப் பெட்டியை நீங்கள் இருந்து அடுக்கியிருக்கிறீர்கள். அவள் எங்கே போனாலும் நனையக்கூடாது, இருட்டில் நிற்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அது எனக்காகத்தான் என்று தெரியாதா? அதற்கு நன்றி. யோசெப்பின் படத்தை உள்ளே வைத்ததற்கு அதைவிடப் பெரிய நன்றி.

இப்போது உண்மையை எழுதுங்கள்.

ஸ்ரெல்லா


வவுனியா
07.06.1998

ஸ்ரெல்லாவுக்கு,

பிடிபட்டுவிட்டேன். கமலாசனிக்கு வலு சந்தோசம். "நான் அப்பவே சொன்னனான், அவள் கண்டுபிடிப்பாள் எண்டு. உங்களுக்குப் பெட்டி அடுக்கவும் தெரியாது" என்று இன்னும் பேசுகிறா.

படம் கிடைத்தது பொய் இல்லை. பார்த்ததும் பொய் இல்லை. முடிவுதான் என்னுடையது. உண்மையானது இதுதான்.

அவள் வாய் திறக்க ரெயில் வந்து நிற்கிறது. அதிலிருந்து புருசன் இறங்குகிறான், பக்கத்தில் இன்னொரு மனைவியும் குழந்தையும். அவளை அவன் காணவே இல்லை, போய்விடுகிறான். இன்னொருவனோடு போக நினைத்தேனே என்று அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். யார் மேல் பிழை என்று பாரும்! பிறகு தண்டவாளத்தில் இறங்கி நடக்கிறாள். அடுத்த ரெயில் வருகிறது. கேற்காரன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான். பிறகு அந்த இடத்தில் ஊர் ஒரு சின்னக் கோவில் கட்டுகிறது. கேற்காரன் மாலை போடுகிறான். பத்தினி என்று பாட்டு வருகிறது.

நான் ரீவியை நிற்பாட்டிவிட்டு வெளியே போய்விட்டேன். ஐம்பது வயதில் படத்துக்காகக் கண் கலங்கினது சித்தப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று. சாமத்திய வீட்டுக்காரர் அந்த முடிவை அழித்தது பெரிய புண்ணியம்.

அந்தப் பெண்ணின் மறுமொழியைப் பார்த்து உம்முடைய மறுமொழியைச் சொல்ல நீர் காத்திருக்கிற நேரத்தில், அவள் செத்தாள் என்று எழுத என் கை எழும்பவில்லை. என் மனைவியைச் சாகவிடாமல் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளைக்கு நான் எப்படி அதை எழுதுவேன்? அதனால் படத்தைத் திரும்ப எடுத்தேன். படம் எடுத்தவன் தொழில் தெரிந்தவன்தான், ரெயில் வருவதெல்லாம் அழகு. ஆனால் அவனுக்கு ஒரு மனுசி உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. செத்தால் கோவில் கட்டத் தெரிகிறது.

இது என் அபிப்பிராயம், நீர் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கட்டும். கமலாசனியும் அதைத்தான் சொல்கிறா. இல்லை என்று நீர் முடிவெடுத்தால், அதற்கும் உம்மைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் அந்தப் படத்துக்காக இல்லை என்று சொல்லாதேயும்.

பாலன்


துணுக்காய்
19.07.1998

பாலண்ணைக்கும் அக்காவுக்கும்,

உங்கள் கடிதம் வந்த பின்னேரம் ஸ்ரனிஸ்லஸ் எங்கள் வேலியோரம் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். படத்தின் முடிவு வந்துவிட்டது என்றேன். ஊசியை நிறுத்தாமல், வாசியும் என்றார். மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நான் நின்றுகொண்டே வாசித்தேன். புருசன் இறங்கினது, அவள் தலையில் அடித்தது, தண்டவாளம், ரெயில், மாலை, எல்லாம். ஒளித்து வைக்காமல் எல்லாவற்றையும் வாசித்தேன்.

முடிந்ததும் ஸ்ரனிஸ்லஸ் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழும்பினார்.

"அவன் கேற்காரன்தானே?"

"ஓம்."

"கையிலை சிவப்புக் கொடி இருந்திருக்கும்தானே?"

"இருந்திருக்கும்."

"அப்ப ரெயிலை மறிக்கிறதுதானே அவன்ரை வேலை! என்னத்துக்கு விறைச்சுப்போய் நிண்டவன்? ஓடிப்போய் அந்த மனுசியின்ரை கையைப் பிடிச்சு இழுக்கத் தெரியாதே? பிறகு மாலை போடுறானாம், மாலை!"

இது படம் என்று சொன்னேன். "படமெண்டாப்போலை?" என்று பாய்ந்தார். உண்மையான கோபம், அண்ணை. முகம் சிவந்து, வேலிக்கும் கிணற்றுக்கும் நடக்கிறார். அவளை அப்படி விட்டது ஒரு கதைதான் என்று அவருக்கு ஏறவேயில்லை. எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. நான் எத்தனையோ மாதம் இல்லாத ஒருத்தியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், இவ்வளவு பக்கத்தில் இந்த மனிதர் இருக்கும்போது. அவரைப் பிடிக்கும் என்று உங்களுக்கு எழுதினேன். அது போதாது. நெஞ்சு நிறைய வைத்திருக்கிறேன்.

ஆனாலும் எப்படிச் சொல்வது? மாமி அங்கேயே இருக்கிறாவே.

மாமி சுளகை நிலத்தில் வைத்தா. என்னைப் பார்க்கவில்லை, அரிசியைப் பார்த்துத்தான் சொன்னா. "வள்ளம் உடைஞ்சு ஒதுங்கினோடனை நேவிக்குப் பயந்து ஒரு சனமும் கடலிலை இறங்கேல்லை. என்ரை மோனைத் தேடிப் போனது இவன் ஒருத்தன்தான். தண்ணியும் குடிக்காமல் தேடினவன். என்ரை மோன் இனி இல்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. இவன் வெறுங்கையோடை வந்து என்ரை காலடியிலை இருந்து அழுதான். உனக்குச் சொன்னால் நீ உடைஞ்சு போவாய் எண்டு நான் சொல்லேல்லை. நீ எனக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறாய் போலை."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று, ஒரே பாயில் இத்தனை வருசம் வாய் மூடிப் படுத்திருக்கிறோம், அண்ணை. நான் மாமியின் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அழுது முடிந்ததும் எழும்பி ஸ்ரனிஸ்லஸிடம் ஓம் என்றேன். அவருக்கு அப்போதும் கேற்காரன் மேல்தான் கோபம். "என்ன ஓம்?" என்று கேட்டார். பிறகு விளங்கி, நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.

கோவிலில் மூன்று ஞாயிறும் எங்கள் பெயர்களைச் சொல்லிவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை கலியாணம். உங்களுக்கு ஆமிக்காரர் பாதை விடமாட்டார்கள் என்று தெரியும், அதனால் வாருங்கள் என்று எழுதி உங்களை வருத்தவில்லை. நீங்கள் அவளுக்கு அடுக்கிய பெட்டிக்காகவும், பிறகு எழுதிய உண்மைக்காகவும், இரண்டுக்கும் நன்றி. எது இல்லாவிட்டாலும் நான் இந்த இடத்துக்கு வந்திருக்கமாட்டேன்.

எனக்குத் தகப்பனும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. கோவில் வாசலிலிருந்து பீடம் மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிப் போக யாரைக் கேட்பது என்று நேற்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமி தன் வெள்ளைச் சீலையைத் தோய்த்துக் கொடியில் விரித்துக்கொண்டு நின்றா. "ஏன் ஆரையும் கேக்கிறாய்? நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றா. "என்ரை வீட்டிலையிருந்துதானே போறாய்."

ஸ்ரெல்லா